ஆளில்லாத கட்டுமரம்

காலை ஆறரைக்கு எழும்பூரில் இறங்கினேன். கும்பகோணத்திலிருந்து ராத்திரி முழுக்க உட்கார்ந்தே வந்ததில் இடுப்பு விட்டுப்போயிருந்தது. தோளில் ஒரு துணிப்பை, கையில் சுருட்டிய ஒரு படம். படத்தை நசுங்காமல் கொண்டுவர நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அதன்மேல் கூடையை வைக்க வந்தவரோடு விழுப்புரம் வரை சண்டை.

நாடகக் கம்பெனிகளுக்குத் திரைச்சீலை எழுதுவது என் பிழைப்பு. மனைவி இறந்துபோன பிறகு தூரிகையைத் தொடவில்லை, அழவும் வரவில்லை. ஒருநாள் காப்பிக்கடையில் கிளாரினெட் தேசப்பனின் இசைத்தட்டு ஒன்றைப் போட்டார்கள். பாட்டு உச்சிக்கு ஏறுகிற இடத்தில் சட்டென்று நிற்கும். ஒரு மௌனம். பிறகு கீழேயிருந்து தொடங்கும். அந்த மௌனத்தில் உடைந்துபோய்க் கடையிலேயே ஓவென்று அழுதேன். அன்று எழுதியதுதான் இந்தப் படம்: சாம்பல் நிறக் கடல், நடுவில் ஆளில்லாத ஒரு கட்டுமரம். இதை அவர் கையில் கொடுத்து, அந்த இடத்தை ஒருதரம் நேரில் வாசித்துக் கேட்டுவிட வேண்டும். வந்த காரியம் அதுதான்.

எட்டு மணிக்கு டிராமில் ராயபுரம். துறைமுகத்துக் கரித்தூள் சட்டையெல்லாம் படிந்தது. அங்கிருந்து அவர் ஊரான திருவொற்றியூர் நாலு மைல், பஸ்ஸில் இரண்டணா. கண்டக்டரிடம் விசாரித்தேன்.

"கிளாரினெட்டுக்காரரா? குப்பத்தாண்ட எறங்கு நைனா. ஆனா இன்னாத்துக்கு? அவரு வாசிச்சு எவ்ளோ நாளாச்சு!"

மீனவர் குப்பத்தில் இறங்கிக் கடற்கரைக்கு நடந்தேன்.

தேசப்பன் மணலில் உட்கார்ந்து கிழிந்த வலையைச் சரிசெய்துகொண்டிருந்தார். கும்பிட்டேன். சிரித்தார், முன்பல் ஒன்றுகூட இல்லை.

"பல்லு பூட்டா ஊத முடியாது சாமி. காத்து பக்கத்தால பூடுது."

எனக்கு அவர் மேலேயே கோபம் வந்தது, என்ன நியாயமோ! அந்த மௌனத்தைப் பற்றிச் சொன்னேன். கடகடவென்று சிரித்துவிட்டார்.

"அதுவா? மூச்சு நின்னு போச்சு சாமி. திரும்பப் பதிவு எடுத்தா மெழுகுத் தட்டு வீணுன்னு அப்டியே வுட்டுட்டாங்க. வெக்கத்துல அந்தப் பிளேட்ட நான் கேட்டதே கெடையாது."

அன்று நான் அழுதது ஒரு மனுஷனுக்கு மூச்சு முட்டினதற்கா! சீ என்றாகிவிட்டது. இருந்தாலும் படத்தை விரித்தேன். குடிசையிலிருந்து வந்த அவர் மனைவி கன்னியம்மா அதைப் பார்த்ததும் நெஞ்சில் அடித்துக்கொண்டார்.

"அய்ய! ஆளில்லாம மரம் கரைக்கு வந்தா இன்னா அர்த்தம்னு தெரியாதா சாமி ஒனக்கு? என் தம்பி மரம் இப்டித்தான் வந்துச்சு. வூட்டாண்ட கொணாராதே!"

காவிரிக்கரைக்காரனுக்குக் கடலைப் பற்றி என்ன தெரியும்? கூனிக்குறுகிப் படத்தைச் சுருட்டப் போனேன். தேசப்பன் என் கையைப் பிடித்தார். "ஒரு ஆள போட்டுக் குடு சாமி. வச்சிக்கிறேன்."

என் மனைவி இல்லாத இடம் அது. அங்கே யாரை உட்கார வைப்பேன்? பென்சிலை எடுத்துக்கொண்டு வெறுமனே உட்கார்ந்திருந்தேன். அப்போது அவர் பொக்கை வாயால் அந்தப் பாட்டை முனக ஆரம்பித்தார். உச்சிக்கு ஏறினார். நிற்கவில்லை. இசைத்தட்டில் இல்லாத அந்த நாலைந்து ஸ்வரங்களும் காற்றும் எச்சிலுமாக வந்துவிட்டன. என் கை தானாக நகர்ந்தது. முதுகு காட்டி உட்கார்ந்த ஓர் உருவம், காற்றில் பறக்கும் புடவைத் தலைப்பு.

"பொம்பள எங்கனா மரத்துல போவாளா?" என்றார் கன்னியம்மா.

"என் சம்சாரம்," என்றேன்.

கன்னியம்மா படத்தை வாங்கி உள்ளே கொண்டுபோய் வைத்தார். சாயங்காலம் நாலரை பஸ்ஸுக்குக் கிளம்பும்போது கடல் படத்தில் இருந்த நிறத்திலேயே கிடந்தது.

ஊரில் அதே காப்பிக்கடை, அதே இசைத்தட்டு. பாட்டு இன்னமும் அங்கேதான் நிற்கிறது; மிச்சத்தை நான் மனசுக்குள் முனகி முடிக்கிறேன். அழுகை வருவதில்லை. திருவொற்றியூரில் ஒரு குடிசையில் அவள் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு போய்க்கொண்டிருக்கிறாள். முகத்தை எழுதியிருக்கலாம்.