யாமினிக்குக் கோபம் வந்தால்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது நடந்தது. போன அக்டோபரில், நியூ ஜெர்சியில், எங்கள் வீட்டு வாசலில், வெளிச்சம் முழுதாகப் போவதற்கு முன்னாலேயே நடந்தது. 'தூக்கம் சரியில்லையா, மாத்திரை ஏதாவது சாப்பிடுறீங்களா' என்று கேட்கிறவர்கள் இப்போதே எழுந்து போகலாம். எனக்கு ஒரு நஷ்டமும் இல்லை. கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது.

என் பெயர் வான்மதி. கணவர் மதன். இரண்டு பேருக்கும் ஐ.டி. வேலை. சின்னவள் அதிதிக்கு இரண்டு வயது. பெரியவள் யாமினிக்கு, இருந்திருந்தால், ஏழு. மூன்று வயதில் ஒரு காய்ச்சல் வந்தது. நான்கே நாள். போய்விட்டாள். அதைப் பற்றி இதற்கு மேல் எழுதமாட்டேன்.

யாமினிக்குக் கோபம் வந்தால் அழமாட்டாள். யார் மேல் கோபமோ, அவர்கள் செருப்பை எடுத்துக்கொண்டுபோய் வாசற்படியில் வைப்பாள். முனை தெருவைப் பார்த்து இருக்கும். இடுப்பில் கை வைத்துக்கொண்டு "கெட் அவுட்" என்பாள். கோபம் தீர்ந்ததும் அவளே உள்ளே கொண்டுவந்து வைப்பாள், இடது வலது மாற்றி. மூன்று வயதில் அவ்வளவு ரோஷம். என்னை அப்படியே உரித்து வைத்திருந்தாள்.

விருதுநகர்ப் பக்கம் எங்கள் வீடுகளில் ஒரு வழக்கம் உண்டு. பெண் குழந்தை தவறிப்போனால் அவளை வீட்டுக் கன்னியாக நினைத்து, வருஷா வருஷம் துணி வைத்துக் கும்பிடுவோம். புதுப் பாவாடை சட்டையைப் பெட்டியில் வைத்து, மூடி, மூடிய இடத்தில் மூன்று குங்குமப் பொட்டு. அடுத்த வருஷம் அதே நாளில்தான் திறக்கவேண்டும். நடுவில் யாரும் தொடக்கூடாது. திறந்ததும் புதுத்துணியை வைத்துவிட்டு, பழையதை வீட்டில் இருக்கும் பெண் குழந்தைக்குக் கொடுத்துவிடுவோம்.

ஒவ்வொரு வருஷமும் அவளுக்கு அந்த வருஷம் என்ன வயதோ, அந்த அளவில்தான் எடுப்பேன். முந்தைய வருஷம் ஓக் ட்ரீ ரோட்டில், இந்தியத் துணிக்கடையில், ஆறு வயது அளவில் ஒரு பட்டுப்பாவாடை எடுத்தேன். இலைப்பச்சை, கடுகு நிறக் கரை. நீளம் கூட இருந்ததால் கீழே ஒரு டக் பிடித்தேன். வீட்டில் பச்சை நூல் தீர்ந்துபோயிருந்தது. ரோஸ் நூலில் தைத்தேன்.

அந்தப் பெட்டியை வீட்டுக்குள் வைக்க விடவில்லை. மாமியார் வீடியோ காலில் வந்து, "சின்னக் குழந்தை இருக்கிற வீடு. போனதை எல்லாம் உள்ள வெச்சுக்காத மதி" என்றார். போனதாம்! பழைய சோஃபாவைச் சொல்கிற மாதிரி. சுவரிலிருந்த யாமினி போட்டோவையும் கழற்ற வைத்தார். மதன் வாயைத் திறக்கவில்லை. என் மூத்த மகள் கராஜில், அதிதிக்கு டயப்பர் வந்த அட்டைப்பெட்டிக்குள், புல் வெட்டும் மெஷினுக்குப் பக்கத்தில் இருந்தாள். எனக்கு அன்றைக்கே வயிறு எரிந்தது.

அக்டோபர் 26, ஞாயிறு. அவளுடைய நாள். காலை குளித்துவிட்டு, குங்குமச் சிமிழோடு கராஜுக்குப் போனேன். தரை பளிச்சென்று இருந்தது. பெட்டி இல்லை.

"மதன், பெட்டி எங்க?"

"எந்தப் பெட்டி?"

"எந்தப் பெட்டியா? அவளோட பெட்டி!"

அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். "நேத்து கராஜ் க்ளீன் பண்ணேன்ல. நிறைய டொனேட் பண்ணிட்டு வந்தேன்..."

"அடப்பாவி! பொட்டு வெச்ச பெட்டிடா அது!"

"கத்தாத மதி. நாலு வருஷம் ஆச்சு."

"ஆபீஸ்ல எத்தனை குழந்தைன்னு கேட்டா என்ன சொல்ற நீ? சொல்லு!"

"ஒண்ணு" என்றான்.

கையிலிருந்த சிமிழை விட்டெறிந்தேன். சுவரெல்லாம் குங்குமம். "போட்டியா இல்லையா அந்தப் பெட்டிய?" என்று கத்தினேன். அவனும் கத்தினான்: "ஆமா, போட்டுட்டேன்! போதுமா?"

அன்று துணி வைக்கவில்லை. ஏழு வயதுப் பாவாடை அலமாரியில் தயாராகத்தான் இருந்தது. வேறொரு பெட்டியில் வைத்திருக்கலாம். இருந்த ஆத்திரத்தில் அலமாரியையே திறக்கவில்லை. நான்கு வருஷத்தில் அந்த நாள் சும்மா போனது அதுதான் முதல் தடவை.

திங்கள், காலை 7:05. மதன் ஆபீஸ் கிளம்பினான். ஷூ ரேக்கில் அவன் ஷூ இல்லை. கதவைத் திறந்தால் வாசற்படியில் இருந்தது. முனை தெருவைப் பார்த்து.

"உன் வேலையா?"

"உன் ஷூவைத் தொடணும்னு எனக்கென்ன தலையெழுத்தா?"

செவ்வாய், காலை 6:50. மறுபடியும். கதவின் தாழ்ப்பாள் உள்பக்கம் போட்டபடியே இருந்தது.

புதன், மாலை 5:35. அதிதியை டேகேரிலிருந்து கூட்டிக்கொண்டு வந்தேன். அவனுடைய ஷூ, செருப்பு, பனிக்கு வைத்திருந்த பூட்ஸ், மூன்று ஜோடியும் படியில் வரிசையாக இருந்தன. நல்ல காற்று. படி முழுக்க மேப்பிள் சருகு. ஆனால் அந்த மூன்று ஜோடியின் மேல் ஒரு இலைகூட இல்லை.

இடுப்பிலிருந்த அதிதி கையை நீட்டினாள்.

"கெட் அவுட்" என்றாள்.

அந்த வார்த்தையை எங்கள் வீட்டில் நான்கு வருஷமாக யாரும் சொன்னதில்லை.

அன்று மதன் வந்து ஷூக்களைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். இரண்டு பேருக்கும் தெரியும். அவன் முகம் வெளுத்துப்போயிருந்தது. எனக்கா? உண்மையைச் சொல்கிறேன், எனக்குப் பயமே வரவில்லை. சந்தோஷமாக இருந்தது. நல்லா வைடி கண்ணு, நடு ரோட்டிலேயே கொண்டுபோய் வை என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். என் மனதில் அவள் அதே மூன்று வயதுக் குழந்தை. ஒவ்வொரு வருஷமும் பெரிய பாவாடையாகப் பார்த்து எடுத்தவளுக்கு, அவளும் வளர்ந்திருப்பாள் என்று தோன்றவில்லை பாருங்கள்.

வியாழன், காலை. அதிதியின் சிவப்பு ஷூவைக் காணோம். வாசலில் இல்லை. காரில் இல்லை. டேகேரில் கேட்டேன், அங்கும் இல்லை. அதிதி மேல் என்ன கோபம்?

வெள்ளி. அக்டோபர் 31. ஹாலோவீன். குழந்தைகள் வேஷம் போட்டு வீடு வீடாகச் சாக்லெட் வாங்க வரும் நாள்.

மாலை 5:40-க்கு மதன் அதிதிக்குப் பூசணிக்காய் வேஷம் போட்டு, தெருவுக்குக் கூட்டிப்போனான். நான் சாக்லெட் கிண்ணத்தோடு ஹாலில் உட்கார்ந்திருந்தேன். ஸ்பைடர் மேன் வந்தான். இரண்டு இளவரசிகள் வந்தார்கள். பிறகு கொஞ்ச நேரம் யாரும் வரவில்லை.

6:12.

தட்... தட்... தட்...

காலிங் பெல் இல்லை. கதவில் கை. அதுவும் கீழே, என் இடுப்பு உயரத்தில்.

திறந்தேன். ஒரு பெண் குழந்தை. முகத்தில் வெள்ளை நிறப் பூனை முகமூடி. வழக்கமாகக் குழந்தைகளுக்குப் பின்னால், நடைபாதையில் அப்பாவோ அம்மாவோ நிற்பார்கள். யாரும் இல்லை. அந்தக் குளிரில் வெறுங்கால்.

கையில் பையும் இல்லை. உள்ளங்கையை நீட்டினாள். ஒரு சாக்லெட் வைத்தேன். கையை எடுக்கவில்லை.

"ஒன் ஃபார் மை சிஸ்டர்" என்றாள்.

சின்னக் குரல். எனக்குச் சிரிப்பு வந்தது. இன்னொன்று வைத்தேன். வைக்கும்போதுதான் குனிந்து பார்த்தேன்.

இலைப்பச்சைப் பாவாடை.

கடுகு நிறக் கரை.

கீழே... ரோஸ் நூல்.

எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. எவளோ டொனேஷனில் எடுத்து, என் பெண்ணுக்குப் பொட்டு வைத்து மூடிய துணியை, வேஷம் போடத் தன் பெண்ணுக்கு மாட்டி அனுப்பியிருக்கிறாள்! அப்படித்தான் நினைத்தேன். வேறெதுவும் தோன்றவில்லை.

"ஏய்! எங்க எடுத்த இதை?"

இரண்டு சாக்லெட்டையும் கைக்குள் மூடிக்கொண்டாள்.

தோளைப் பிடித்தேன். பட்டு ஈரமாக இருந்தது.

"இது என் பொண்ணோடது! கழட்டு! யாருடி உனக்குப் போட்டுவிட்டது? போ இங்கிருந்து! கெட் அவுட்!"

அந்தக் குழந்தை அசையவில்லை. முகமூடிக்குள்ளிருந்து என்னையே பார்த்தது.

பிறகு குனிந்தது.

என் காலைத் தாண்டிக் கையை உள்ளே விட்டது. ரேக்கைப் பார்க்கவில்லை. தேடவுமில்லை. நேராக என் செருப்பை எடுத்தது.

வாசற்படியில் வைத்தது.

ஒன்று... இரண்டு...

முனை தெருவைப் பார்த்து.

திரும்பிப் படியிறங்கியது. பாதை முழுக்கச் சருகு. நடந்து போகிறது...

ஒரு சத்தமும் இல்லை.

ஓடினேன். தெரு முனைவரை ஓடினேன். விளக்குப் போட்ட பூசணிக்காய்கள்தான் இருந்தன.

6:31-க்கு மதன் வந்தான். நான் படியில், என் செருப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

"பச்சைப் பாவாடை" என்றேன். "போட்டுக்கிட்டு வந்தா."

"என்ன உளர்ற?"

"ரோஸ் நூல் மதன். நான் தெச்சது. நீ தூக்கிப் போட்ட பெட்டில இருந்தது."

அவன் அதிதியை என் மடியில் கொடுத்தான். தன் காரைத் திறந்தான். டிக்கியில், அடித்தட்டைத் தூக்கினான். ஸ்டெப்னி டயர் இருக்கும் குழி.

அதற்குள் டயப்பர் பெட்டி.

"போட முடியல மதி" என்றான். "துணி போடுற தொட்டி வரைக்கும் போனேன். பொட்டைப் பார்த்ததும் கை வரல. சனிக்கிழமைலேர்ந்து இங்கதான் இருக்கு. சாவி என்கிட்டதான். நீ அப்படிக் கத்தவும்... கோபத்துல சொல்லிட்டேன்."

டேப் ஒட்டியபடியே இருந்தது. அதன்மேல் மூன்று பொட்டும். போன வருஷம் நான் வைத்தபடியே, ஒன்றுகூடக் கலையவில்லை.

கார்ச் சாவியால் டேப்பைக் கிழித்தேன்.

மேலே பச்சைப் பாவாடை. அடிக்கரை நனைந்திருந்தது. மேப்பிள் சருகு ஒன்று ஒட்டியிருந்தது.

பாவாடைக்கு அடியில்... அதிதியின் சிவப்பு ஷூ.

பெட்டி காருக்குப் போனது சனிக்கிழமை. ஷூ தொலைந்தது வியாழக்கிழமை.

ஒரு ஷூவுக்குள் பிரித்துத் தின்ற சாக்லெட்டின் வெறும் காகிதம். இன்னொன்றுக்குள் ஒரு முழுச் சாக்லெட். தங்கைக்கு வாங்கியது.

மதன் அங்கேயே, டிரைவ்வேயில் உட்கார்ந்துவிட்டான். நான் பாவாடையைக் கையில் எடுத்து நீளம் பார்த்தேன். வாசலில் பார்த்தபோது அது கணுக்காலுக்கு மேலே நின்றது. ஆறு வயது அளவு. அவளுக்கு இப்போது ஏழு.

அன்றைக்கே பெட்டியை ஹாலில் வைத்தோம். போட்டோவை மாட்டினோம். ஏழு வயதுப் பாவாடையை வைத்து, மூடி, பொட்டு வைத்தது மதன்தான். மாமியார் வீடியோ காலில் ஏதோ ஆரம்பித்தார். "அம்மா, எனக்கு ரெண்டு பொண்ணுங்க" என்று அவன் போனை வைத்துவிட்டான்.

மறுநாள் காலை 6:50. மதனின் மூன்று ஜோடியும் ரேக்கில் இருந்தன. அதிதியின் சிவப்பு ஷூவும் இருந்தது. எல்லாம் இடது வலது மாற்றி. அவன் அந்தச் சிவப்பு ஷூவை மடியில் வைத்துக்கொண்டு அழுத அழுகையை இந்த நான்கு வருஷத்தில் நான் பார்த்ததில்லை.

என் செருப்பு மட்டும் வெளியே இருந்தது.

இது பிப்ரவரி. தினமும் இரவு நான் அதை உள்ளே எடுத்து வைக்கிறேன். தாழ்ப்பாள் போடுகிறேன். தினமும் காலை 6:50-க்குக் கதவைத் திறக்கிறேன். நேற்று எட்டு அங்குலம் பனி. படியெல்லாம் மூடிவிட்டது. ஒரு கால்தடம்கூட இல்லை. நடுவில் என் செருப்பு, மேலே ஒரு பொட்டுப் பனி இல்லாமல்.

முனை தெருவைப் பார்த்து.

மதனை மன்னித்துவிட்டாள். பெட்டியைக் காரில் ஒளித்தவனை மன்னித்துவிட்டாள். நான்கு வருஷமாக அவளுக்காக எல்லாரோடும் சண்டை போட்டவள் நான். ஆனால் குளிரில் வெறுங்காலோடு வாசலுக்கு வந்தவளைப் 'போ' என்று சொன்னதும் நான்தான். அவள் கோபம் எனக்குப் புரிகிறது. என் பெண் அல்லவா.

தீர்ந்ததும் அவளே உள்ளே கொண்டுவந்து வைப்பாள்.

இன்று காலையும் வெளியேதான் இருந்தது.