எலும்பு கடித்த செவலை

எங்கள் செவலை மாடு எலும்பு கடித்தது. அதைப் பண்டாரம் பார்த்துவிட்டார்.

ராசிபுரத்துக்குத் தெற்கே எங்கள் ஊர். செம்மண் பூமி. இரண்டாம் உலக யுத்தம் வருவதற்கு இரண்டு மூன்று வருஷம் முந்தி நடந்தது இது. எனக்குக் கலியாணமாகி ஒரு வருஷம். செவலை என் அப்பன் வீட்டிலிருந்து என்னோடு வந்த மாடு. புகுந்த வீட்டில் எனக்கென்று இருந்தது அது ஒன்றுதான்.

அந்த வீட்டில் யாரும் கறி தின்பதில்லை. திங்கட்கிழமை காலைப் பால் சிவன் கோயிலுக்குப் போகும். பூசை செய்கிற பண்டாரம் செம்போடு வந்து வாங்கிப் போவார். அந்தத் திங்கட்கிழமை செம்பு இல்லாமல் வந்தார். என் மாமியாரிடம் சொன்னார்.

"ஆத்தா, கோவிச்சுக்கக் கூடாதுங்க. உங்க செவலை ஓடைக்கரையில எலும்பு கடிக்குதுங்க. நல்லா மெல்லுதுங்க, வெத்தலை போடற மாதிரி."

"மாடு எங்காச்சும் எலும்பு திங்குமா? நாயைப் பாத்திருப்பே."

"நாய்க்குக் கொம்பு இருக்குதுங்களா ஆத்தா?"

வீட்டில் அத்தை சொன்னதுதான் நடக்கும். "சாமிக்கு ஆகாத பால் நமக்கு எதுக்கு? அடுத்த மாசச் சந்தைக்கு ஓட்டிருங்க" என்றார். என் வீட்டுக்காரர் வேலியைப் பார்த்தபடி நின்றார். நான் மாட்டைப் பார்த்தேன். அது என் முந்தானையைச் சப்பிக்கொண்டிருந்தது.

அந்த வாரம் மாட்டு டாக்டர் ஊசி போடச் சைக்கிளில் வந்தார். செவலையைக் காட்டினேன்.

"காத்துக்கருப்பு அடிச்சிருக்குங்களா?" என்றார் வீட்டுக்காரர்.

"அதெல்லாம் இல்லை. பாஸ்பரஸ்ங்கற சத்து பத்தலை. இந்த மண்ணுல அது கம்மி. அதனால தீவனத்துலயும் கம்மி. மாடு எலும்புல தேடுது."

"தீக்குச்சி மருந்துன்னு சொல்லுவாங்களே, அதுங்களா? அப்ப மாட்டுக்குத் தீப்பெட்டி போடலாங்களா?"

"போட்டுப் பாருங்க. பாலைக் காய்ச்சற வேலை மிச்சம்."

டாக்டருக்குப் பேச ஆள் கிடைத்தால் போதும். எலும்பில் அது சுண்ணாம்போடு சேர்ந்திருக்கிறதாம். தவிட்டில் வேறு மாதிரி, தானியத்தின் சத்தோடு பின்னிக்கொண்டு கிடக்கிறதாம். பாலிலும் உண்டாம், தயிராக உறைகிற பாகத்தோடு ஒட்டிக்கொண்டு. இதையெல்லாம் சீமையில் இப்போதுதான் ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்க்கிறார்களாம். "நான் படிக்கறப்ப எங்க வாத்தியாருக்கே இது தெரியாது" என்றார், சந்தோஷமாக.

எனக்கு ஒன்று பட்டது. இத்தனை வருஷமாகச் சாமி தலையில் நாங்கள் ஊற்றிய பாலிலும் எலும்பில் இருக்கிற அதே பொருள் இருந்திருக்கிறது.

தவிடு நிறையப் போடச் சொன்னார். சோளம் விளைகிற காட்டில் அவ்வளவு நெல் தவிட்டுக்கு எங்கே போவது? அப்புறம் ஒரு சிறு துணிப்பையை எடுத்தார். வேகவைத்து அரைத்த எலும்பு மாவு. தினம் ஒரு கரண்டி, பருத்திக்கொட்டையில் கலந்து.

"எலும்பு இந்த ஊட்டுக்குள்ள வரக்கூடாது" என்று அத்தையின் குரல் உள்ளேயிருந்து வந்தது. டாக்டர் பையை என் கையில் வைத்துவிட்டுச் சைக்கிள் ஏறினார்.

எங்கே வைப்பது? மாட்டுக் கொட்டகைத் தூணில் ஒரு சுரைக்குடுக்கை தொங்கும். மாட்டு நெற்றியில் பூசத் திருநீறு இருக்கும் அதில். திருநீற்றை அடுக்குப் பானைக்கு மாற்றினேன். மாவைக் குடுக்கையில் கொட்டினேன். நிறமும் கிட்டத்தட்ட அதுதான். அத்தை கொட்டகைப் பக்கம் வருவது நல்ல நாளில் மட்டும்.

மூன்று வாரம் போட்டேன். செவலை எலும்பை விட்டது. குடுக்கையைக் கண்டால் கத்தியது. எலும்பை விட்டதை மட்டும் அத்தையிடம் சொன்னேன். "ஓட்டறதுன்னா ஓட்டறதுதான்" என்றார்.

சந்தைக்கு முதல் நாள் காலை பண்டாரத்தைக் கூப்பிட்டுவிட்டார். வீட்டு மாட்டை விற்கும்போது பண்டாரம் திருநீறு பூசித்தான் அனுப்புவது. அதை நான் மறந்துவிட்டேன். அத்தையும் கூட வர, பண்டாரம் கொட்டகைக்கு வந்ததும் நேரே குடுக்கைக்குள் கையை விட்டார்.

சொன்னால் மாடு போச்சு. சொல்லாவிட்டால் பண்டாரத்தின் ஆசாரம் போச்சு. சாணிக் கூடையை எடுத்துக்கொண்டேன்.

முதலில் தன் நெற்றியில் பட்டையாகப் பூசினார். ஒரு சிட்டிகை வாயில் போட்டுக்கொண்டார். ஓயாமல் மூக்குப்பொடி போடுகிறவர், வாசனை தெரியாது. பிறகு மாட்டிடம் குனிந்தார். செவலை அவர் உள்ளங்கையை நக்கியது. விரல் இடுக்கை நக்கியது. அப்புறம் நெற்றி. மாட்டு நாக்கு அரம் மாதிரி. பண்டாரத்தின் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"ஆத்தா! மாடு திருநீறு கேக்குதுங்க! முப்பது வருசமாப் பூசை பண்றனுங்க, இப்பிடிப் பாத்ததில்லீங்க. இதைச் சந்தைக்கு ஓட்டினா ஊருக்கே ஆகாதுங்க."

"எலும்பு கடிச்சுதுன்னு நீதானே சொன்னே?"

"அது போன மாசமுங்க ஆத்தா."

வீட்டுக்காரர் சோளத்தட்டுப் போருக்குப் பின்னால் போய்விட்டார். இருமுகிற சத்தம் கேட்டது. பண்டாரம் பாலுக்குச் செம்பு எடுத்து வர ஓடினார்.

அத்தை போகவில்லை. குடுக்கைக்குள் விரலை விட்டார். மூக்கருகே கொண்டுபோனார். என்னைப் பார்த்தார். நான் சாணி அள்ளினேன்.

"ஏம்புள்ள."

"சொல்லுங்க அத்தை."

"கைக்குத் தண்ணி ஊத்து."

ஊற்றினேன். மண் போட்டுத் தேய்த்துக் கழுவினார். இரண்டு தடவை. முந்தானையில் துடைத்துக்கொண்டே நடந்தார். வாசல்படியில் நின்றார்.

"குடுக்கையில அடி தெரியுது. அந்த டாக்டரு மறுக்கா எப்ப வாராருன்னு கேட்டு வெய்யி."

மறுநாள் சந்தைக்கு யாரும் போகவில்லை.