டோரீனின் இரண்டு லோடு விறகு

டோரீன் பிக்கர்ஸ் யார் வீட்டுக்குப் போனாலும் நேராக வாசலுக்குப் போகமாட்டார். முதலில் பக்கச் சுவரோரம் அடுக்கியிருக்கும் விறகருகே போவார். இரண்டு கட்டைகளை உருவி, காதருகே பிடித்து, ஒன்றோடொன்று தட்டுவார். 'டங்' என்று கேட்டால் தலையை ஆட்டிக்கொண்டு கட்டைகளை இருந்த இடத்திலேயே செருகிவிட்டு அழைப்பு மணியை அழுத்துவார். 'தொப்' என்று கேட்டால் அன்றைக்குத் தேநீரோடு சேர்த்து அந்த வீட்டாருக்கு அறிவுரையும் உண்டு. மேயர் வீட்டில் தட்டியிருக்கிறார். ஒருமுறை சாவு வீட்டில்கூட, மலர்வளையத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தட்டினார். ஐந்து குளிர்காலமாக நான் இதைப் பார்த்தேன்.

அவர் வந்த முதல் வருடம் மட்டும் இந்தப் பழக்கம் இல்லை. அந்த வருடம்தான் எல்லாம் நடந்தது.

பிரான்ஸில் நாங்கள் இருக்கும் சிற்றூரான பெல்லார்ஷில் எங்களைப் போன்ற வெளிநாட்டுக்காரர்கள் கோடையில் நூறு பேர் இருப்பதுபோலத் தெரியும். நவம்பரில் குளம் வற்றியதும் எத்தனை மீன் என்று தெரிந்துவிடும், நாற்பது. வியாழக்கிழமைச் சந்தையில் சிப்பி விற்பவரும் சீஸ் விற்கும் அம்மாவும் மட்டும் கைகளைத் தேய்த்துக்கொண்டு நிற்பார்கள். நாங்கள் நாற்பது பேரும் எதிரே உள்ள காபிக்கடைக்குள் கோட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்து, தேநீருக்குப் பால் கேட்டு, கடை நடத்தும் மதாம் ஒதிலைக் கோபப்படுத்துவோம். என் அப்பா சுவர் பூசும் வேலைக்காக இங்கிலாந்திலிருந்து இங்கே வந்தபோது எனக்கு ஒன்பது வயது. எங்கள் வம்சத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். அதனாலேயே ஊரிலுள்ள ஆங்கிலேயர்களின் மின்சார பில், வரிக் கடிதம், மருந்துச் சீட்டு எல்லாம் என் கைக்கு வரும்.

டோரீன் இங்கிலாந்தின் டான்காஸ்டர் நகரத்தில் முப்பத்தோரு வருடம் பஸ் ஓட்டியவர். அறுபத்தொன்பது வயதில் அங்கிருந்த வீட்டை விற்று, இங்கே ஒரு கல்வீட்டை வாங்கினார். மகன் ஸ்டூவர்ட்டுக்கு இதில் துளியும் இஷ்டமில்லை. கடைசியில் இருவரும் ஒரு ஒப்பந்தத்துக்கு வந்தார்கள். ஒரு குளிர்காலத்தை டோரீன் தனியாகத் தாக்குப்பிடிக்க வேண்டும். முடியாவிட்டால் வீட்டை விற்றுவிட்டு மகனோடு போய்விட வேண்டும்.

அக்டோபரில் அவர் இரண்டு லோடு ஓக் விறகு வாங்கினார். கார் ஷெட்டுக்குள் தானே அடுக்கி, பக்கத்தில் நின்று படம் எடுத்து மகனுக்கு அனுப்பினார். டிசம்பரில் பற்றவைத்தால் எரியவில்லை. கட்டையின் முனையில் நுரை தள்ளியது. அடுப்பின் கண்ணாடிக் கதவு தார் பூசியதுபோல் கறுத்தது. டோரீன் மூன்று ஸ்வெட்டரும் தொப்பியுமாக வீட்டுக்குள் நடமாடினார். ஒருநாள் தொலைபேசியில் இருமிவிட்டார்.

"அம்மா, அது என்ன சத்தம்?" என்றார் ஸ்டூவர்ட்.

"பிஸ்கட் தொண்டையில மாட்டிக்கிச்சு."

"இருபத்தேழாம் தேதி நான் வரேன். வீடு சூடா இல்லன்னா, திரும்பி வரும்போது ரெண்டு டிக்கெட்."

காபிக்கடையில் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். அடுப்பை மாற்று என்றார் ஒருவர். புகைபோக்கியில் காக்கைக் கூடு இருக்கும் என்றார் இன்னொருவர். விறகைப் பற்றி மட்டும் யாரும் வாய் திறக்கவில்லை. இந்த ஊரில் இந்த வருடம் வெட்டிய மரத்தை இந்த வருடம் எரிக்கமாட்டார்கள். இரண்டு கோடை வெயிலாவது அது பார்க்க வேண்டும். பிரெஞ்சுக்காரர்களுக்கு இது சொல்லித்தர வேண்டிய விஷயமே அல்ல, அதனால் சொல்வதில்லை. நாங்களோ எல்லாருமே முதல் குளிர்காலத்தில் பச்சை விறகை வாங்கி ஏமாந்தவர்கள். அதை ஒத்துக்கொள்ள வெட்கம். எங்கள் அப்பா அந்த வருடம் பலகைப் பெட்டிகளை உடைத்து எரித்தது எனக்கு ஞாபகம் இருக்கிறது. பிறகு நான் ஏன் பேசாமல் உட்கார்ந்திருந்தேன்? என்னையே நான் பலமுறை கேட்டுவிட்டேன். கல்லூரி விடுமுறைக்கு வந்தவளுக்கு விறகைப் பற்றிப் பேசுவது கௌரவக் குறைச்சலாகப் பட்டதோ என்னவோ.

இருபத்திரண்டாம் தேதி காலை டோரீன் கூப்பிட்டார். "ஹேசல், கண்ணு, ஓடி வா. பக்கத்து வீட்டுக்காரன் என் வெறகத் திருடறான். பட்டப்பகல்ல!"

ஓடினேன். பக்கத்து வீட்டு விவசாயி முசியே பெர்தோ கார் ஷெட்டைத் திறந்து, கட்டைகளை டிராக்டரின் பின்வண்டியில் வீசிக்கொண்டிருந்தார். டிராக்டருக்கு முன்னால் டோரீன், இரவு உடையும் ரப்பர் பூட்சுமாக, ஒரு கையை நீட்டி மறித்துக்கொண்டு நின்றார். முப்பத்தோரு வருடப் போக்குவரத்தை நிறுத்திய கை.

"என்ன பண்றான்னு கேளு அந்தாள!"

கேட்டேன்.

"பாத்தா தெரியலயா? ஏத்தறேன்" என்றார் பெர்தோ.

"அது அவங்க விறகு, முசியே."

"வெறகா?" இரண்டு கட்டைகளை எடுத்து என் காதருகே தட்டினார். தொப். "இது வெறகு இல்லம்மா, மரம். விட்டா குருவி கூடு கட்டும். பத்து நாளா இவங்க வீட்டுப் புகை என் சமையல்கட்டுக்குள்ளதான் வருது. காயத் தொங்கவிட்ட என் பன்னித்தொடைய நான் புகை போடச் சொன்னேனா? போட்டுட்டாங்க! கார் ஷெட்டுல பூட்டி வச்சா காத்து எங்கேர்ந்து படும்? பூட்டி வைக்க இது என்ன நகையா?"

"என்ன சொல்றான்?" என்றார் டோரீன்.

"உங்க விறகு இன்னும் கொஞ்சம் காயணுமாம்."

"இவ்ளோ நீளமாப் பேசினான். அவ்ளோதானா?"

"அவ்ளோதான்."

பெர்தோ அந்தப் பச்சைக் கட்டைகளை டோரீன் தோட்டத்தின் தெற்குச் சுவரோரம் கொண்டுபோய், காற்று புகுந்து போகும்படி அடுக்கி, மேலே தகரம் போட்டார். மதியம் தன் கொட்டகையிலிருந்து மூன்று கோடை காய்ந்த விறகு இரண்டு லோடு கொண்டுவந்து இறக்கினார். டோரீன் பணம் எடுக்கக் கைப்பையைத் திறந்ததும் பெர்தோவின் முகம் மாறிவிட்டது.

"அத உள்ள வைக்கச் சொல்லு. வெறகுக்கு வெறகுதான். ரெண்டு லோடு. காஞ்சது. எப்ப முடியுதோ அப்ப."

இதை மட்டும் நான் அப்படியே மொழிபெயர்த்தேன். டோரீன் கையை நீட்டினார். இருவரும் குலுக்கிக்கொண்டார்கள். பிறகு டோரீன் அந்த லோடிலிருந்து இரண்டு கட்டைகளை எடுத்துத் தட்டிப்பார்த்தார். அந்தச் சத்தத்தைக் கேட்டு அவர் சிரித்த சிரிப்பில் பெர்தோவும் சிரித்துவிட்டார்.

இருபத்தேழாம் தேதி ஸ்டூவர்ட் வந்து இறங்கினார். தன் பக்கம் நான் வாதாடுவதற்காக என்னையும் டோரீன் வரவழைத்திருந்தார். மனிதர் பையில் ஒரு வெப்பமானி வைத்திருந்தார். அதை எடுத்து அலமாரிமேல் நிறுத்தினார். டோரீன் விடியற்காலையிலிருந்து கட்டை கட்டையாகப் போட்டுக்கொண்டிருந்தார். மேசைமேல் வெண்ணெய் குளமாக நின்றது. அவர் அரைக்கைக் கோடை உடையில், கால்மேல் கால் போட்டுப் பத்திரிகை படித்துக்கொண்டிருந்தார்.

ஸ்டூவர்ட் முதலில் கோட்டைக் கழற்றினார். பிறகு ஸ்வெட்டர். பிறகு சட்டை. பனியனோடு உட்கார்ந்து வெப்பமானியைப் பார்த்தார்; இருபத்தொன்பது.

"என்னடா, வேர்க்குதா?" என்றார் டோரீன்.

"ஜன்னலத் தொறக்கறேன்."

"தொறக்காத. குளிர் உள்ள வந்துடும். எனக்கு இப்படித்தான் பழகிடுச்சு."

ஸ்டூவர்ட் சுலபத்தில் விடுகிற ஆள் இல்லை. என்னைக் கூட்டிக்கொண்டு பெர்தோ வீட்டுக்குப் போனார். "எங்கம்மா இங்க தனியா சமாளிப்பாங்களான்னு கேளு. உண்மையச் சொல்லச் சொல்லு."

பெர்தோ தொப்பியைக் கழற்றி யோசித்தார். "அந்தம்மா ஒத்தக் கையக் காட்டி டிராக்டரையே நிறுத்தினவங்க. அவங்களுக்கு ஒண்ணும் ஆகாது. ஆனா வெறகு வாங்கறதுல மட்டும் பச்சக் கொழந்த."

முதல் இரண்டு வாக்கியத்தை மொழிபெயர்த்தேன். மூன்றாவதை விழுங்கிவிட்டேன். மொழிபெயர்ப்பில் நேர்மை என்று கல்லூரியில் எங்களுக்கு ஒரு பாடமே உண்டு. அதில் நான் வகுப்பில் முதல். ஸ்டூவர்ட் கொஞ்ச நேரம் பெர்தோவின் பன்றிகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். முப்பதாம் தேதி ஒரே டிக்கெட்டோடு ஊருக்குப் போனார்.

அதற்குப் பிறகு டோரீனுக்கு இந்தக் கடன் ஒன்றுதான் உறுத்தல். ஜனவரியில் கசப்பு ஆரஞ்சில் மார்மலேட் கிளறிப் பெர்தோவுக்குக் கொடுத்தார். பிராந்தியில் ஊறிய கேக் கொடுத்தார். காது மூடும் தொப்பி பின்னிக் கொடுத்தார். பெர்தோ எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார், தின்றார், தலையில் மாட்டிக்கொண்டார். முடிவில், "ரொம்ப நல்லாருக்கு மதாம். வெறகு?" என்பார். இதைப் புரிந்துகொள்ள டோரீனுக்கு என் உதவி தேவைப்படவில்லை.

மூன்றாவது குளிர்காலத்தின் தொடக்கத்தில் தெற்குச் சுவரோரக் கட்டைகள் 'டங்' என்றன. டோரீன் எனக்கு ஃபோன் பண்ணி, ரிசீவருக்குப் பக்கத்தில் தட்டிக் காட்டினார். சனிக்கிழமை வண்டியோடு வரும்படி பெர்தோவுக்கும், மொழிபெயர்க்க வரும்படி எனக்கும் சொல்லிவிட்டார். ஆனால் வெள்ளிக்கிழமை தபால் நிலையத்துக்குப் போகும் வழியில், புதிதாகக் குடிவந்த டச்சுக்காரர் யோஸ்ட் வீட்டுப் புகைபோக்கியைப் பார்த்தார். பழுப்பு நிறப் புகை, எழும்ப முடியாமல் கூரைமேலேயே தவழ்ந்துகொண்டிருந்தது. உள்ளே யோஸ்டின் மனைவி மரைக்கா ஆறு மாதக் கைக்குழந்தையைக் கம்பளியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, பற்றாத அடுப்பின் முன்னால் அழுதுகொண்டிருந்தார்.

மறுநாள் பெர்தோ காலி வண்டியோடு வந்து நின்றார். டோரீன் தனக்குத் தெரிந்த பிரெஞ்சில் சொன்னார்: "டச்சு வீடு. கொழந்த. புகை."

பெர்தோ அந்தப் பக்கம் திரும்பி, புகையைப் பார்த்தார். பிறகு கட்டைகளை ஏற்றத் தொடங்கினார். யோஸ்ட் வீட்டு வாசலில் இறக்கும்போதுதான் வாய் திறந்தார். "எனக்கு வரவேண்டிய வெறக என் வண்டியிலயே ஏத்தி, என் டீசலயும் போட்டு, எவன் வீட்லயோ கொட்டறேன். என்னவிட முட்டாள் இந்த ஜில்லாவுல உண்டா?"

"என்ன சொல்றார்?" என்றார் டோரீன்.

"முட்டாள்ங்கறார்."

"என்னயா?"

"இல்ல, அவரையே."

"பாவம். அப்படியெல்லாம் நினைக்க வேண்டாம்னு சொல்லு."

யோஸ்ட் நாணயமான மனிதர். இரண்டு வருடம் கழித்து, நன்றாகக் காய்ந்த இரண்டு லோடைக் கொண்டுவந்து டோரீன் வீட்டில் அடுக்கினார். அந்த வாரமே ஒரு ஐரிஷ்காரர் வேன் நிறையப் புத்தகங்களோடும் ஒரு லோடு பச்சை விறகோடும் பாதிரியாரின் பழைய வீட்டுக்குக் குடிவந்தார். மீதியை நான் சொல்ல வேண்டியதில்லை. இந்த முறை பெர்தோ, எங்கே என்றுகூடக் கேட்காமல் வண்டியைத் திருப்பினார்.

போன இலையுதிர் காலத்தில் டோரீனுக்கு முழங்கால் அறுவை சிகிச்சை. ஸ்டூவர்ட் வந்து இங்கிலாந்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். தோற்றுப் போய்விட்டதாக டோரீன் நினைக்கவில்லை; ஒரு குளிர்காலம் கேட்டார்கள், ஆறு காட்டினேன் என்கிறார். கல்வீட்டை விற்றாயிற்று. ஞாயிற்றுக்கிழமைகளில் கூப்பிடுகிறார்.

"இங்க ஒரு பொத்தான அமுக்கினா சூடு வருது கண்ணு. அதப் பத்திப் பேசறதுக்கு ஒண்ணுமே இல்ல. அந்த ஐரிஷ்காரர் இந்த வருஷம் வெறகு தருவார். அத முசியே பெர்தோவுக்குக் குடுத்துடச் சொல்லு. என் கணக்கு முடிஞ்சிடும்."

போய்ச் சொன்னேன். பெர்தோ பன்றிகளுக்குத் தவிடு கலக்கிக்கொண்டிருந்தார்.

"ஐரிஷ்காரர் வெறக நான் எதுக்கு வாங்கணும்? அவருக்கு நான் ஒண்ணும் குடுக்கலயே. அவரு பின்னாடி வர்ற எவனுக்காவது குடுக்கட்டும். எனக்கு மதாம் தரணும். ரெண்டு லோடு. காஞ்சது."

"அவங்க இங்கிலாந்துல இருக்காங்க, முசியே."

வாளியைக் கீழே வைத்துவிட்டு அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஏன், அங்க மரம் கிடையாதா?"