ஆலடியான் வீட்டுப் பட்டியல்

மலேசியத் தோட்டத்துத் தமிழர்களுக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. அப்பன் பெயரைச் சொல்லி முடித்துக்கொள்வோம். சுகுமாரன் வீட்டாருக்கு மட்டும் ஒன்று வந்து ஒட்டிக்கொண்டதற்கு ஒரு கிராணி, அதாவது தோட்டத்து எழுத்தர், காரணம். சுங்கை சிப்புட்டுக்கு உள்ளே மூங்கிலாத்துத் தோட்டத்தில் ஆலடியான் என்றொருவர் ரப்பர்ப் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்தார். அவருடைய பிள்ளைகளைப் பதியும்போது ஆபீஸ் கிராணி எல்லாப் பெயருக்கும் பின்னால் ‘ஆலடியான்’ என்று சேர்த்து எழுதிவிட்டார். பேரப்பிள்ளைகள் பிறந்தபோதும் அப்படியே எழுதினார். ஏன் என்று கேட்கும் துணிச்சல் யாருக்கும் இல்லை. ஆங்கிலத்தில் ஓர் ‘எல்’ கூடுதலாக வேறு. இன்றைக்கும் எவருடைய ஐசி அடையாள அட்டையிலாவது அந்தப் பிழையோடு இந்தப் பெயரைப் பார்த்தால் அவர் அந்தக் கிழவரின் வம்சம்தான்.

சுகுமாரன் அவருடைய பேரன். அறுபது வயது. ஈப்போவில் ஒரு லாரி கம்பெனியில் முப்பது வருஷம், எந்த வண்டி எங்கே போக வேண்டும் என்று சொல்லி அனுப்பும் வேலை. மனைவி புனிதா இறந்து நாலு வருஷமாகிறது. மகள் ஷாமினி ஈப்போவில் ஒரு கண் கிளினிக்கில் முகப்பில் உட்கார்ந்து நோயாளிகளைப் பதிகிறாள். அப்பாவும் மகளும் இருப்பது சுங்கை சிப்புட் தாமான் குடியிருப்பில், தோட்டம் விற்றபோது கம்பெனி கட்டிக்கொடுத்த வரிசை வீட்டில்.

போன வருஷம் மார்ச் மாதம் ஒரு நாள் வேலை முடிந்து வந்த ஷாமினி, செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்று சொன்னாள்.

“அப்பா, இன்னிக்கி ஒரு அக்கா வந்தாங்க. அவங்கம்மாவுக்குக் கண்ல புரை. பாரத்துல பேரு போட்டாங்க பாருங்க, துளசி ஆலடியான்! ரெண்டு எல்லோட!”

சுகுமாரன் தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்தார். “கேட்டியா?”

“கேக்காம? நம்ம தோட்டத்துலதான் பொறந்தாங்களாம். அவங்கப்பா நம்ம தாத்தாவோட கடைசித் தம்பியாம். எனக்கு அத்தை முறை. இத்தன வருஷமா நீங்க ஒரு வார்த்த சொன்னதில்லயே?”

“தோட்டம் போனப்ப ஆளுக்கொரு பக்கமா போயிட்டோம். தொடர்பு விட்டுப்போச்சு.”

அதில் பொய் இல்லை என்று தமக்குள் சொல்லிக்கொண்டார். 

ஷாமினிக்கு அதோடு பைத்தியம் பிடித்துக்கொண்டது. வாட்ஸ்அப்பில் ‘ஆலடியான் குடும்பம்’ என்று ஒரு குழு தொடங்கினாள். முகநூலில் அந்தப் பெயரைத் தேடித் தேடி ஆட்களைப் பிடித்தாள். பாகான் டத்தோவில் கனகராஜ் என்று ஒரு பெரியப்பா முறை கிடைத்தார், தென்னை வைத்திருக்கிறார். தைப்பிங்கில் இரண்டு பேர், கிள்ளானில் ஒரு குடும்பம். மூன்றே மாதத்தில் குழுவில் நாற்பத்தொரு பேர் சேர்ந்துவிட்டார்கள். பெரிய அட்டை ஒன்று வாங்கி வந்து, மேலே ஆலடியான் பெயரை எழுதி, கீழே கிளை கிளையாகக் கோடு போட்டாள். சுகுமாரனிடம் பெயர் கேட்பாள், வருஷம் கேட்பாள். அவரும் சொல்வார். துளசியின் கிளைக்கு வந்ததும் எழுந்து குளிக்கப் போய்விடுவார்.

அந்தக் கிளையில் நடந்தது இதுதான்.

சுகுமாரனின் சித்தப்பா, பால் ஏற்றிப்போன லாரி கவிழ்ந்து இறந்துபோனார். அவர் மனைவி மங்களம், நாலு வயது துளசியோடு தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் சுகுமாரன் வீட்டுக்குப் பக்கத்து வீட்டிலேயே தங்கிப் பால்மரம் வெட்டினார். மங்களத்துக்குப் படிப்பில்லை. அதற்கெல்லாம் முன்னால், பள்ளியின் கடைசி வகுப்பான ஐந்தாம் படிவம் சுகுமாரன் படித்த வருஷம் அவருடைய அம்மா படுக்கையில் இருந்தார். அப்போது விடிவதற்கு முன்னால் சோறு கட்டிக் கொடுத்துப் பள்ளிக்கு அனுப்பியவர் இந்தச் சித்திதான்.

தொண்ணூற்று மூன்றில் தோட்டம் கைமாறியது. செம்பனை போடப்போகிறார்கள், லயத்தை இடிக்கப்போகிறார்கள், குடும்பத்துக்கு ஒரு வீடு தருவார்கள் என்றார்கள். ஒரே பெயரில் இரண்டு வீட்டுக்கு மனுப் போட்டால் விசாரணை முடியும்வரை இருவருக்குமே கிடையாது என்று ஒரு பேச்சும் கூடவே வந்தது. அது உண்மையா என்று சுகுமாரன் போய் விசாரிக்கவில்லை. அவருடைய அப்பா ராமையா அதற்கு முந்தைய வருஷம்தான் இறந்திருந்தார். புனிதாவுக்கு ஏழாம் மாதம். லயத்து மக்களுக்கெல்லாம் மனுப் பாரம் நிரப்பிக் கொடுத்தவர் சுகுமாரன்தான். சித்தியும் தன் பாரத்தை அவரிடம்தான் கொடுத்திருந்தார். அதை அவர் ஆபீசில் சேர்க்கவில்லை. தம்முடைய பாரத்தில், இதே பெயரில் வேறு குடும்பம் தோட்டத்தில் உண்டா என்று கேட்ட இடத்தில், ‘இல்லை’ என்று எழுதினார்.

பட்டியல் ஒட்டினார்கள். மங்களத்தின் பெயர் அதில் இல்லை.

“கிராணி தப்பு பண்ணிட்டாரு சித்தி, வாங்க கேட்டுருவோம்” என்று சொல்லி அவரே ஆபீசுக்கு அழைத்துப் போனார். அதிகாரி புதிதாக வந்த மலாய்க்காரர். இந்த அம்மா லயத்தில்தான் இருக்கிறாரா என்று மலாயில் கேட்டார். அந்த இடத்திலாவது சுகுமாரன் உண்மையைச் சொல்லியிருக்கலாம்.

“சுடா பிண்டா” என்றார். குடிமாறிப் போய்விட்டார் என்று அர்த்தம். பாகான் செராயில் அண்ணன் வீட்டோடு இருக்கிறார், இங்கே சும்மா பார்க்க வந்திருக்கிறார் என்றும் மலாயிலேயே சேர்த்துச் சொன்னார். பிறகு சித்தியின் பக்கம் திரும்பினார்.

“லிஸ்டு முடிஞ்சிருச்சாம் சித்தி. இனிமே சேக்க முடியாதாம். நானும் எவ்வளவோ சொல்லிப் பாத்துட்டேன்.”

மங்களம் அவர் முகத்தைப் பார்த்தார். அதிகாரியைப் பார்த்தார். “சரி” என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனார். அடுத்த வாரம் ஒன்பது வயது துளசியைக் கூட்டிக்கொண்டு இரண்டு மூட்டையோடு பஸ் ஏறி, பாகான் செராய்க்கு அண்ணன் வீட்டுக்கே போய்விட்டார். அவரைப் பஸ் ஏற்றிவிட்டதும் சுகுமாரன்தான்.

முப்பத்தொரு வருஷம் இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. புனிதாவுக்கும் தெரியாது. கொஞ்ச நாள் போனதும், கிராணி தப்பு பண்ணிவிட்டார் என்று தாம் சொன்ன கதையைத் தாமே பாதி நம்பவும் தொடங்கிவிட்டார்.

ஜூலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை குடும்பம் கூட வேண்டும் என்றாள் ஷாமினி. ஈப்போவில் ஏதாவது மண்டபத்தில் வைக்கலாம் என்றார் சுகுமாரன். “எதுக்குப்பா மண்டபம்? நம்ம தோட்டத்துக்குக் குடுத்த வீடு இது. இதவிட நல்ல எடம் ஏது?” என்றாள்.

அன்று இருபத்து மூன்று பேர் வந்தார்கள். காலை பத்தரைக்குத் துளசியின் கார் வந்து நின்றது. மங்களம் இறங்கினார். அறுபத்தைந்து வயது, கண்ணில் கறுப்புக் கண்ணாடி. வாசலில் நின்று வீட்டை மேலும் கீழும் பார்த்தார். உள்ளே வந்ததும் கூடத்துச் சுவரில் உள்ளங்கையை வைத்துத் தடவினார். “நல்லா கட்டிருக்கான்” என்றார்.

“வாங்க சித்தி” என்றபோது சுகுமாரனுக்குக் குரல் உடைந்தது. பாசத்தில் உடைந்ததாக எல்லாரும் நினைத்துக்கொண்டார்கள். துளசி ஓடிவந்து, “அண்ணே, எங்கள ஞாபகம் இருக்கா?” என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

சாப்பாடு முடிந்ததும் ஷாமினி அட்டையை மேசையில் விரித்து ஒவ்வொருவரிடமாகக் கேட்டு எழுதினாள். மங்களத்தின் முறை வந்தது.

“சின்ன பாட்டி, நீங்க எந்தத் தோட்டத்துல பொறந்தீங்க?”

“நான் தோட்டத்துலயா பொறந்தேன்? பாகான் செராய்ல வயக்காட்டுப் பக்கம். எங்கப்பா நெல்லு மில்லுல வேல செஞ்சாரு. சுத்தியும் மலாய்க்காரங்க வீடு. எனக்குத் தமிழு வாரதுக்கு முன்னாடி மலாய்தான் வந்துச்சு. கல்யாணம் கட்டி தோட்டத்துக்கு வந்த பெறகுதான் தமிழே ஒழுங்கா பேசிப் பழகுனேன்.”

எல்லாரும் சிரித்தார்கள். துளசி, “அம்மா இப்பவும் கோவம் வந்தா மலாய்லதான் திட்டும்” என்றாள்.

சுகுமாரன் கையில் தேநீர் இருந்தது. அதைக் கீழே வைத்தார். சித்தி என்றுதான் அவருக்குத் தெரியும். எங்கே பிறந்தார், எப்படி வளர்ந்தார் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. அந்த ஆபீசில் அவர் சொன்ன ஒவ்வொரு சொல்லும் சித்திக்குப் புரிந்திருக்கிறது. புரிந்துகொண்டுதான் “சரி” என்றிருக்கிறார். புரிந்துகொண்டுதான் பஸ் ஏறும்போது, “புனிதாவ நல்லா பாத்துக்கப்பா” என்றும் சொல்லியிருக்கிறார்.

நிமிர்ந்து பார்த்தார். மங்களம் அவர் பக்கமே திரும்பவில்லை. ஷாமினி எழுதுவதைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று படம் எடுத்தபோது சுகுமாரன் பின்வரிசையில், கனகராஜின் தோளுக்குப் பின்னால் பாதி மறைந்து நின்றார்.

அதற்கடுத்த வியாழக்கிழமை, யாரிடமும் சொல்லாமல் ரயிலேறிப் பாகான் செராய்க்குப் போனார். வீட்டைக் கண்டுபிடிக்கக் கஷ்டமில்லை. வயலோரம் தகரக் கூரை போட்ட பலகை வீடு. மங்களம் முன்பக்கம் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். துளசி பள்ளிக் கேண்டீன் வேலை முடித்து அப்போதுதான் வந்திருந்தாள்.

“சித்தி, அன்னிக்கி ஆபீஸ்ல நான் சொன்னது...”

“தெரியும். ஒக்காரு.”

அவர் உட்காரவில்லை. “தெரிஞ்சும் ஏன் சித்தி ஒன்னும் சொல்லல?”

மங்களம் கீரையைக் கீழே வைத்தார். “என்னத்தச் சொல்ல? அந்த மலாய்க்காரன் என்ன பாத்துக்கிட்டு நிக்கிறான். சோறு போட்டு வளத்த புள்ள என் முன்னாடியே பொய் சொல்லுதுன்னு அவன்கிட்ட சொல்லணுமா? எனக்கு வெக்கமா போச்சு. நீ பட வேண்டிய வெக்கத்த நான் பட்டேன்.”

துளசி ஒன்றும் புரியாமல் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். “என்னம்மா? என்ன பொய்யி?”

“ஒனக்கு நான் சொல்லல” என்றார் மங்களம். “அப்பாவும் இல்ல, வீடும் இல்ல. சொந்தம்னு சொல்லிக்க பேராவது இருக்கட்டும்னு விட்டுட்டேன். வந்திருக்கான்ல, அவனையே கேளு.”

சுகுமாரன் சொன்னார். பாரத்தைச் சேர்க்காமல் விட்டதிலிருந்து பஸ் ஏற்றிவிட்டது வரைக்கும் சொன்னார். புனிதா வயிற்றுப் பிள்ளையோடு இருந்ததைச் சொல்லத் தொடங்கி, அது சாக்குப்போல் கேட்டதால் நிறுத்திக்கொண்டார். துளசி அழவில்லை.

“நான் அங்க மூனாம் வகுப்பு படிச்சிக்கிட்டிருந்தேன்” என்றாள். “இங்க வந்து ஒரு வருஷம் எந்தப் பள்ளிக்கூடத்துலயும் சேக்கல. மாமா வீட்டுல பாத்திரம் கழுவுனேன். அப்பல்லாம் சுகு அண்ணே வந்து கூட்டிட்டுப் போவாருன்னு வாசலயே பாத்துக்கிட்டிருப்பேன். நீங்க போங்க.”

அந்த ‘போங்க’வோடு அண்ணே என்று அவள் சேர்க்கவில்லை. அன்றிலிருந்து இன்றுவரை அவரை அப்படிக் கூப்பிடவில்லை.

கிளம்பும்போது சுகுமாரன், வீட்டைச் சித்தி பெயருக்கு மாற்றி எழுதித் தருகிறேன் என்றார். மங்களத்துக்குக் கோபம் வந்துவிட்டது. “ஒன் மவள ரோட்டுல நிறுத்திட்டு நான் அங்க வந்து படுக்கவா? இதுக்கும் நான்தான் பாவியாவணுமா? போய் வேலயப் பாரு.”

மறுநாள் காலை மகளிடம் எல்லாவற்றையும் சொன்னார். ஷாமினி, “இந்த வீட்டுலதானப்பா அவங்களுக்குச் சோறு போட்டேன். நல்ல எடம்னு வேற சொன்னேன்” என்றாள். அட்டையைச் சுருட்டி அலமாரியின் மேல் வைத்தாள். ஒரு வாரம் அப்பாவோடு உட்கார்ந்து சாப்பிடவில்லை.

குழுவுக்குச் சொல்ல வேண்டும் என்று யாரும் அவரிடம் கேட்கவில்லை. விஷயம் தெரியாத மற்றவர்கள் அவரைப் பெரிய மனுஷராக நினைத்து, காலையில் வணக்கமும் பூப்படமும் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு வணக்கமும் அவருக்கு முள்ளாகக் குத்தியது. இரண்டு நாள் எழுதி எழுதி அழித்துவிட்டு, கடைசியில் நாலு வரி போட்டார். மூங்கிலாத்துத் தோட்டத்தில் ஆலடியான் பெயருக்கு இரண்டு வீடு வந்திருக்க வேண்டும், ஒன்று வராமல் போனதற்கு நான் காரணம், சித்தி மங்களத்தின் பாரத்தை நான்தான் மறைத்தேன், அதிகாரியிடம் பொய் சொன்னேன் என்று எழுதினார்.

பகல் முழுவதும் யாரும் பதில் போடவில்லை. சாயங்காலம் கனகராஜ் மட்டும், “பழசெல்லாம் இப்ப ஏன் கெளர்ற தம்பி” என்று எழுதினார். கிள்ளான் குடும்பம் குழுவை விட்டு விலகியது. துளசியும் விலகினாள்.

சுகுமாரன் இப்போதும் அந்த வீட்டில்தான் இருக்கிறார். ஷாமினி பேசுகிறாள், சமைத்து வைக்கிறாள். ஆனால் வீட்டுக்கு யாரையும் அழைப்பதில்லை. மாதத்துக்கு ஒருமுறை அவர் பாகான் செராய்க்கு ரயிலேறுகிறார். முதல் இரண்டு தடவை மங்களம் கதவைத் திறக்கவில்லை. மூன்றாவது தடவை திறந்து நாற்காலி எடுத்துப் போட்டார். கண்ணுக்குச் சொட்டு மருந்து விடும் நேரத்தைப் பற்றியும், வயலில் தண்ணீர் ஏறியதைப் பற்றியும் பேசினார். துளசி உள்ளேயே இருந்துகொண்டாள். இப்போதெல்லாம் போனால் ஒரு மணி நேரம் உட்கார முடிகிறது, காப்பி கொடுக்கிறார். சாப்பிட்டுப் போ என்று மட்டும் இதுவரை சொன்னதில்லை.