எட்டுக்காலியும் ஒரு டிரங்குப் பெட்டியும்

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் பேச்சி வந்து ஒட்டடைக் கம்பு கேட்டாள்.

ஏலப்பாறைப் பக்கத்தில் நாங்கள் இருக்கும் தேயிலை எஸ்டேட்டில் என் வீட்டுக்காரர் கம்பவுண்டர். டிஸ்பென்சரியை ஒட்டி எங்கள் குவார்ட்டர்ஸ். அதற்குக் கீழே கூலிக்காரர்களின் லயம், ஒரே வரிசையாய் ஒட்டிய அறைகள். பேச்சி அதில் முதல் அறைக்காரி, கொழுந்து கிள்ளுகிறவள். புருஷன் மலைக்காய்ச்சலில் போய்விட்டான். இருப்பது ஒரு கைக்குழந்தை.

"ஒட்டடை அடிக்கவா இத்தனை அவசரம்?" என்றேன்.

"எட்டுக்காலிய வெரட்டணும்மா. இல்லன்னா என்னைய வெரட்டிருவாக."

சிலந்திக்கு இந்த மலையில் எட்டுக்காலி என்றுதான் பெயர். அது கிடக்கட்டும், விஷயம் இதுதான். குழந்தையின் கன்னத்தில் கொப்புளம். ஈரக் கம்பளியில் படுத்ததால் வந்தது என்று என் வீட்டுக்காரர் களிம்பு கொடுத்தார். ஆனால் லயத்தில் யாரோ, 'எட்டுக்காலி மேலே ஓடியிருக்கும்' என்று சொல்லிவைக்க, கூலிக்காரர்களை மேய்க்கும் கங்காணி அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். அறைக்கே தோஷமாம்! சாயங்காலத்துக்குள் காலி செய்துவிட்டு ஓடைக்கரை அறைக்குப் போய்விட வேண்டுமாம்.

அந்த ஓடைக்கரை அறை இருக்கிறதே... மழை வெளியே நின்றாலும் உள்ளே நிற்காது. கைக்குழந்தையோடு அங்கே எப்படிக் குடியிருப்பது?

கம்பை எடுத்துக்கொண்டு நானும் கூடப் போனேன். எனக்குச் சிலந்தி என்றாலே குலை நடுங்கும் — அது வேறு சங்கதி. தலைக்கு முக்காடு போட்டு, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டேன்.

பானை, பாய், கம்பளி எல்லாவற்றையும் வெளியே வெயிலில் போட்டோம். பேச்சி கம்பை ஓட்ட ஓட்ட, தகரத்துக்கும் சட்டத்துக்கும் நடுவிலிருந்து ஒட்டடை அடையடையாய் உதிர்ந்தது. கடைசியில் வந்தது பாருங்கள், பெரியது! உள்ளங்கை அகலம். சுவரில் நின்று எங்களையே பார்த்தது. நான் "ஐயோ" என்று கத்திக்கொண்டு அம்மியின் மேல் ஏறிவிட்டேன். அம்மி என்ன உயரம் இருந்துவிடப் போகிறது? பயத்துக்கு அதெல்லாம் தெரிகிறதா!

பேச்சி கத்தவில்லை. ஒரு சட்டியை எடுத்து மெல்ல அதன் மேல் கவிழ்த்தாள். அடியில் புடைக்கிற சொளகைச் செருகினாள். அவ்வளவுதான்.

சட்டியோடு வெளியே வந்தால், கங்காணி நிற்கிறார். கோட்டு, குடை, முறைப்பு.

"என்ன பேச்சி, இன்னுமா சாமானத் தூக்கல?"

"தூக்கித்தான் வெளிய வச்சிருக்கேன். கூட்டிப்போட்டு மறுபடி உள்ள வைக்கப் போறேன்."

"தோசம் புடிச்ச ரூமுன்னு சொன்னேன்ல?"

"தோசம் இந்தச் சட்டிக்குள்ள இருக்கு. தொறந்து காட்டட்டா?"

கங்காணி பின்னால் நகர்ந்தார். லயத்துப் பெண்கள் ஒவ்வொருத்தியாய் வாசலுக்கு வந்தார்கள். வேலையில்லாத ஞாயிற்றுக்கிழமை... விடுவார்களா?

பேச்சியும் விடவில்லை. வாசல் சுவரோரம் இருந்த ஒரு புது டிரங்குப் பெட்டியைக் காட்டினாள். கம்பம் ஊரிலிருந்து புதிதாய் வந்திருக்கும் கங்காணியின் மச்சினனுடைய பெட்டி அது.

"இந்த ரூமுக்குத் தோசம்னா, ஒங்க மச்சினன் பொட்டி எதுக்கு இங்க வந்து உக்காந்திருக்கு? அவுகள மட்டும் எட்டுக்காலி தொடாதோ?"

எவளோ ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். அப்புறம் அத்தனை பேரும்.

கங்காணியின் முகம் கறுத்தது. "துரைகிட்டச் சொல்லி வேலைய விட்டே தூக்குறேன் பாரு!"

"வாங்க, இப்பவே போவோம். நானும் வாரேன்." சட்டியைப் பிடித்தபடியே பேச்சி முன்னால் நடந்தாள்.

எனக்கு என்ன வந்ததோ! நான் பாலக்காட்டுக்குக் கிழக்கே, கஞ்சிக்கோட்டுப் பக்கத்துக்காரி. எங்கள் ஊரில் சண்டையென்றாலும் 'ங்க' போட்டுத்தான் போடுவோம்.

"ஏனுங்க கங்காணி, நானும் வர்றனுங்க. கொப்புளம் எதனால வந்துச்சுன்னு எங்க ஊட்டுக்காரரு சொன்னதை நானே துரைகிட்டச் சொல்றனுங்க."

கங்காணி, எஸ்டேட் துரையின் பங்களா இருக்கும் மேட்டைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். குடையை விரித்துக்கொண்டு எதிர்ப்பக்கமாய் இறங்கிப் போய்விட்டார்.

பேச்சி சிலந்தியைத் தேயிலைச் செடிக்குள் உதறிவிட்டு வந்தாள். அறையைச் சாணி போட்டு மெழுகினாள். பழைய இடத்திலேயே தொட்டில் கட்டிக் குழந்தையைப் படுக்க வைத்தாள். டிரங்குப் பெட்டி ஓடைக்கரைக்குப் போனது.

அதற்கப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. முன்பு அங்கே இருந்தவர்கள் எவ்வளவோ கெஞ்சியும் மாறாத கூரைக்கு, மச்சினன் குடிபோன மறுநாளே புதுத் தகரம்! ஒழுகல் யார் தலையில் விழுகிறது என்று பார்த்துத்தான் கூரைக்கு வைத்தியம் நடக்கும் போலிருக்கிறது. உங்கள் ஊரிலும் ஒரு வீட்டுக்குத் தோஷம் என்று யாராவது சொன்னால், அடுத்து அங்கே குடிவரப் போவது யார் என்று விசாரித்துப் பாருங்கள்.

என் வீட்டுக்காரருக்குத்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை. "ஒனக்கெதுக்கு இந்த வம்பு? நாளைக்குத் துரை கூப்பிட்டுக் கேட்டா என்ன சொல்லுவே?"

"பாத்ததைச் சொல்லுவேனுங்க."

வாரம் ஒன்று ஆகப் போகிறது. துரை இன்னும் கூப்பிடவில்லை. கூப்பிடட்டுமே... நல்ல புடவையாய் ஒன்று மடித்து எடுத்து வைத்திருக்கிறேன்!