உருண்டைத் தலைகள்

பத்தொன்பது வருடம் அந்தச் சின்ன ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து ஆண்களின் விந்தணுக்களை எண்ணிச் சம்பளம் வாங்கியவள் அவள். குழந்தைப்பேறு மருத்துவமனையின் சோதனைக்கூடத்தில் எல்லோருக்கும் கண்ணாடியக்கா. கொடுக்க வருகிறவர்கள் கூச்சப்படக் கூடாதென்று ஜன்னலை இடுப்பு உயரத்தில் வைத்திருந்தார்கள். ஒரு கை நீளும், எண் ஒட்டிய டப்பாவை வைக்கும், மறையும்.

அழுதுகொண்டு வரும் பெண்களிடம், "முதல்ல உங்க வீட்டுக்காரரை வரச் சொல்லுங்கம்மா, குறை அவங்க பக்கமும் இருக்கும்" என்று நறுக்கென்று சொல்வாள். அந்த ஞானமெல்லாம் மருத்துவமனை வாசலோடு சரி. வீட்டில் ஆறு வருடமாக மருமகள்தான் குற்றவாளி. மாத்திரை, ஊசி, வயிற்றில் இரண்டு ஆபரேஷன். எல்லாம் வேறொரு மருத்துவமனையில். மகனைச் சோதிக்கலாமா என்று அங்கே கேட்டபோதெல்லாம், "அவனுக்கென்ன, குத்துக்கல்லாட்டம் இருக்கான்" என்று பேச்சை வெட்டிவிட்டாள்.

மூன்றாவது ஆபரேஷனுக்குத் திங்கட்கிழமை நாள் குறித்தாயிற்று. அங்கே புதிதாக வந்த டாக்டர் மட்டும், கணவனின் சோதனை முடிவு வராமல் கத்தியைத் தொடமாட்டேன் என்று அடம்பிடித்தார். ஊரில் அந்தச் சோதனைக்கு இருந்தது கண்ணாடியக்காவின் கூடம் ஒன்றுதான். மகன் அவளிடம் மூச்சுவிடாமல், அவளுடைய வார விடுமுறை நாளாகப் பார்த்துக் கிளம்பினான். அவன் போன பிறகுதான், கூட வேலை பார்ப்பவளுக்குக் காய்ச்சல் என்று போன் வந்து இவளும் வேலைக்கு ஓடினாள்.

பத்தரை மணிக்கு ஜன்னலில் ஒரு கை நீண்டது. கட்டைவிரலில் பிளாஸ்திரி, நுனி உள்ளே மடித்து ஒட்டியது. காலையில் ரொட்டி வெட்டும்போது மகன் கிழித்துக்கொண்ட விரலுக்கு அவளே போட்டது. கூப்பிட வாயெடுத்தாள், கை போய்விட்டது.

சாயம் ஏற்றி, நுண்ணோக்கியில் கண்ணை வைத்தாள். எல்லாத் தலையும் உருண்டை. இருநூறு எண்ணினாள். கைப்பிழையோ என்று இன்னொரு கண்ணாடித் துண்டில் மறுபடி எண்ணினாள். ஒன்றுகூட நீளவில்லை.

அது என்னவென்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. விந்தணு உருண்டையாகத்தான் தொடங்கும். வளர வளர சில புரதங்கள் உள்ளேயிருக்கும் மரபுச் சரடை இறுக்கிச் சுருட்டும், தலை நீளும். முட்டையைத் துளைக்க முன்னால் ஒரு தொப்பி உட்காரும். அந்தத் தொப்பியைத் தலையோடு பிடித்துவைக்கவும் ஒரு புரதம் உண்டு. அது இல்லாவிட்டால் தொப்பி கழன்று போகும், தலை உருண்டையாகவே நின்றுவிடும். எவ்வளவு ஓடினாலும் முட்டைக்குள் போகாது. பெரும்பாலும் பிறவிக் குறை: அப்பா வழியாகப் பாதி, அம்மா வழியாகப் பாதி.

அறிக்கைத் தாளை இழுத்தாள். 'இயல்பு' என்று ஒரு வார்த்தை எழுதினால் மகனின் மானம் தப்பும். திங்கட்கிழமை அந்தப் பெண்ணின் வயிறு மறுபடி கிழியும். பேனா வெகுநேரம் தாளைத் தொடவில்லை. அவளுக்கு அவள்மேலேயே அருவருப்பாக இருந்தது. கடைசியில் உள்ளதை உள்ளபடி எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

மாலையில் சமையலறையில் வைத்து இருவரிடமும் சொன்னாள். மகன் ஸ்டூலில் உட்கார்ந்து பிளாஸ்திரியைப் பிய்த்துக்கொண்டே இருந்தான். மருமகள் அடுப்பை அணைத்தாள். அழவில்லை.

"தினமும் இதைத்தானே பாக்கறீங்க அத்தை?" என்றாள். "ஆறு வருஷத்துல ஒரு நாள்கூட இவரையும் பாத்துடலாம்னு தோணலையா?"

தோன்றியிருந்தது. முதல் ஆபரேஷனுக்கு முந்தைய நாளே தோன்றியிருந்தது. குறை தன் பிள்ளையிடம் இருந்துவிடுமோ என்ற பயத்தில்தான் வாயைத் திறக்கவில்லை.