உங்களுக்கு மூணு போதும்

என் சித்தி தண்ணீர் கேன் தூக்கினால் இரண்டு இடத்தில் வைத்து மூச்சு வாங்குவாள். அப்படிப்பட்டவள் பில்லியர்ட்ஸ் மாதிரியான பூல் மேஜையில், அடுக்கிய பந்துகளைச் சிதறடிக்கும் பிரேக் அடித்தால் பக்கத்து மேஜைக்காரர்கள் ஆட்டத்தை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்ப்பார்கள். பலம் தோளில் இல்லை, நேராகப் போவதில் இருக்கிறது என்பாள். வெள்ளைப் பந்தைக் கொஞ்சம் ஓரமாக வைத்து, இடது கையை மேஜை விளிம்பில் ஊன்றி, குச்சியை இரண்டு தடவை மெதுவாக முன்னும் பின்னும் ஓட்டிப் பார்ப்பாள். மூன்றாம் தடவை அடிப்பது கண்ணுக்குத் தெரியாது. சத்தம்தான் தெரியும்.

அவள் சென்னையில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தாள். ஆபீஸ் மாடியில் ஒரு பூல் மேஜை கிடந்ததாம், அங்கே கற்றுக்கொண்டது. ஸ்ரீரங்கத்துக்கு வரும்போதெல்லாம் என்னை அழைத்துக்கொண்டு புத்தூரில் இருந்த ஒரு பூல் ஹாலுக்குப் போவாள். அம்மாவிடம் ஐஸ்கிரீம் சாப்பிடப் போகிறோம் என்போம். ஐஸ்கிரீமும் சாப்பிடுவோம், அதனால் அதைப் பொய் என்று நான் நினைத்ததில்லை. அப்போது நான் நான்காம் வகுப்பு. ஒன்பது பந்துகளைச் சட்டத்துக்குள் சாய்சதுரமாக அடுக்கும் வேலை எனக்கு. பந்துகளுக்கு நடுவே துளி இடைவெளி இருந்தாலும் பிரேக் பிசுபிசுத்துப் போகும் என்று சொல்லிக் கொடுத்திருந்தாள். நான் நாக்கைக் கடித்துக்கொண்டு அழுத்தி அழுத்தி அடுக்குவேன். உலகத்திலேயே என் சித்திக்கு மேல் ஆட்டக்காரி கிடையாது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

தாத்தா போன பிறகு சித்திக்கு எங்கள் வீடுதான் வீடு. அவளைப் படிக்க வைத்தது என் அப்பா. மலைக்கோட்டை பக்கம் எலெக்ட்ரிக் சாமான் கடை வைத்திருந்தார். அவளுக்கு ஒரு நல்ல இடம் பார்த்துவிட வேண்டும் என்று ஒரு வருஷமாக அலைந்தார். காட்டூரில் ஒரு குடும்பம் அமைந்தது. பையன் பெங்களூரில் வேலை. ஜாதகம் பொருந்தி, இரண்டு வீட்டுப் பெரியவர்களும் பேசி முடித்து, பெண்ணும் பையனும் ஒருமுறை தனியாகப் பேசிவிட்டால் தட்டு மாற்றிக்கொள்ளலாம் என்ற அளவுக்கு வந்துவிட்டது. ஹோட்டலில் உட்கார்ந்து காபி குடிப்பதெல்லாம் ஒரு மாதிரி இருக்கும், புத்தூரில் ஒரு பூல் ஹால் இருக்கிறது, அங்கே வரட்டும் என்று பையன் சொல்லி அனுப்பினார். அப்பாவுக்கு அது என்ன இடம் என்று சரியாகப் பிடிபடவில்லை. நானும் கூடப் போவதென்றால் சரி என்றார்.

அம்மாவுக்கு எங்கள் ஐஸ்கிரீம் விவகாரம் அரைகுறையாகத் தெரிந்திருக்க வேண்டும். சித்திக்குத் தலை வாரிவிட்டுக்கொண்டே, "விளையாடத் தெரிஞ்ச மாதிரி காட்டிக்காதடி. அவர் சொல்லிக் குடுத்தா கேட்டுக்க," என்றாள். சித்தி கண்ணாடியைப் பார்த்துத் தலையை ஆட்டினாள்.

பூல் ஹாலுக்கு அவர் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார். எனக்கு ஒரு சாக்லேட் கொடுத்தார். நல்லவராகத்தான் தெரிந்தார். குச்சியை எப்படிப் பிடிப்பது என்று சித்திக்குக் காட்டினார், சித்தி கவனமாகக் கேட்டுக்கொண்டாள். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. பிறகு அவர், "உங்களுக்கு ஹேண்டிகேப் தரேங்க. நான் அஞ்சு ஆட்டம் ஜெயிக்கணும். உங்களுக்கு மூணு போதும்," என்றார். பலம் குறைந்தவருக்கு இப்படி விட்டுக்கொடுத்து ஆடுவது பூலில் வழக்கம்தான். ஆனால் இங்கே யாருக்கு யார் விட்டுக்கொடுக்கிறார்கள் என்று நினைத்தபோது எனக்கு வயிறு குலுங்கியது. முதல் பிரேக்கையும் உங்களுக்கே தருகிறேன் என்றார்.

நான் அடுக்கினேன். சித்தி குனிந்தாள். அம்மா சொன்னதை அவள் மறக்கவில்லை என்றுதான் நினைக்கிறேன். அவள் கைக்குத்தான் மறந்துபோனது. இரண்டு தடவை ஓட்டிப் பார்த்து, மூன்றாவதில் அடித்தாள். ஒன்பதாம் பந்து நேராக மூலைப் பாக்கெட்டில் விழுந்தது. அந்த ஆட்டத்தில் ஒன்பதாம் பந்தைப் போடுகிறவருக்கு வெற்றி. பிரேக்கிலேயே போய்விட்டால் மற்ற பந்துகளைத் தொட வேண்டிய வேலைகூட இல்லை. ஒரே அடியில் ஒரு ஆட்டம் முடிந்துவிட்டது. அவர் சாக்பீஸைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார்.

இரண்டாவதையும் சித்தி ஜெயித்தாள். மூன்றாவதில் அவர் ஜெயித்தார், உண்மையாகவே நன்றாக ஆடினார். பிறகு என்னிடம் பணம் கொடுத்து, கீழே போய் மூன்று ரோஸ்மில்க் வாங்கி வரச் சொன்னார்.

நான் ரோஸ்மில்க் வாங்கப் போயிருந்தபோது நடந்ததைச் சித்தி என்னிடம் சொன்னது நான் கல்லூரியில் சேர்ந்த பிறகு. அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அடுத்து நடந்தது உங்களுக்கும் என்னைப் போலவே விளங்காது. அவருக்கு இந்தக் கல்யாணத்தில் இஷ்டமில்லை. கூட வேலை பார்க்கும் பெண் ஒருத்தியை மனத்தில் வைத்திருந்தார். தன் அம்மாவிடம் வாய் திறக்கத் தைரியமில்லை. சித்திக்கும் இஷ்டமில்லை. வெளிநாட்டில் மேலே படிக்க வேண்டும் என்று ஆசை. படிக்க வைத்த அத்தானிடம் இன்னும் படிக்கப் போகிறேன் என்று சொல்ல அவளுக்கும் நாக்கு எழவில்லை. இருவரும் சிரித்துக்கொண்டார்களாம். அப்படியானால் வீட்டில் வேண்டாம் என்று யார் சொல்வது? "மொத்தத்துல ஜெயிக்கறவங்க சொல்லிடலாங்க. காரணம் கேட்டா அடுத்தவங்கள இழுக்கக் கூடாது," என்றாராம் அவர்.

அவருக்கு இன்னும் நான்கு ஆட்டம் வேண்டும், சித்திக்கு ஒன்றே ஒன்று. இந்தக் கணக்கு சித்திக்கு அப்போது உறைக்கவில்லையா, உறைத்தும் சரி என்றாளா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. தோற்பது என்ன பெரிய வித்தை என்று நினைத்ததாகச் சொன்னாள்.

நான் திரும்பி வந்தபோது நான்காவது ஆட்டம் பாதியில் இருந்தது. கொஞ்ச நேரத்தில் எட்டுப் பந்துகளும் போய், ஒன்பதாம் பந்து மட்டும் மூலைப் பாக்கெட்டின் வாயில் நின்றது. ஊதினால் விழுந்துவிடும். சித்தி அடித்தாள். வெள்ளைப் பந்து அதைத் தொடாமல் ஒரு சாண் தள்ளிப் போனது. நான் ரோஸ்மில்க்கைக் கீழே வைத்துவிட்டேன். என் சித்தியாவது, இதை விடுவதாவது!

தொடாமல் விட்டால் தப்பாட்டம், எதிராளி வெள்ளைப் பந்தை விரும்பிய இடத்தில் வைத்து அடிக்கலாம். அவர் அதை எடுத்து ஒன்பதுக்கு நேர் எதிரே வைத்தார். குறி பார்த்தார். அவரும் விட்டார். சித்தி மறுபடி வைத்தாள், மறுபடி விட்டாள். அவர் அடித்த வெள்ளைப் பந்து மேஜையின் மறுகோடிக்குப் போய் வேறொரு பாக்கெட்டில் விழுந்தது. பக்கத்து மேஜைப் பையன்கள் நான்கைந்து பேர் வந்து சுற்றி நின்றுகொண்டார்கள். ஒருவன் "கண்ணாடி போட்டுட்டு வாங்கக்கா," என்றான். எல்லோரும் சிரித்தார்கள்.

எனக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டது. அதுவரை என் வாழ்க்கையில் அப்படி ஓர் அதிர்ச்சி வந்ததில்லை. அவள் கை தவறவில்லை, தவறவிடுகிறாள் என்று எனக்குத் தெரிந்தது. குச்சியைத் தள்ளும்போது கடைசி நொடியில் மணிக்கட்டைத் திருப்பினாள். நேராகப் போக வேண்டும் என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தவளே அதைச் செய்தாள். ஏழாவது தடவையோ எட்டாவது தடவையோ, என்னால் பொறுக்க முடியாமல் அழுதுகொண்டே அவள் துப்பட்டாவைப் பிடித்து இழுத்தேன்.

"சித்தி, நீ வேணும்னே விடுற. இது அழுகுணி ஆட்டம். எல்லாரும் உனக்கு ஆடத் தெரியாதுன்னு சிரிக்கிறாங்க."

"பாப்பா கரெக்டாதாங்க சொல்லுது," என்றார் அவர், புன்னகையோடு.

சித்தி என்னைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள். குச்சியின் முனையில் சாக்பீஸைத் தேய்த்தாள், தேவைக்கு மேல் தேய்த்தாள். குனிந்து பிரேக் அடிக்கிற வேகத்தில் அடித்தாள். ஒன்பது பாக்கெட்டுக்குள் மோதிய சத்தத்தில் சிரிப்பு நின்றுபோனது. வெள்ளைப் பந்தும் அந்த வேகத்தில் பின்னாலேயே போய் விழுந்திருக்க வேண்டியது. அது இடித்த இடத்திலேயே அசையாமல் நின்றது. அப்படி நிறுத்துவதுதான் கஷ்டம். நான் குதித்தேன். அவர் கைகுலுக்கி, "தேங்க்ஸுங்க," என்றார். தோற்றவர் எதற்காக இவ்வளவு சந்தோஷப்படுகிறார் என்று நினைத்தேன், பெரிய மனசு என்று முடிவு செய்துகொண்டேன்.

வரும் வழியில் காவிரிப் பாலத்தில் பஸ் வெகுநேரம் நின்றது. சித்தி ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்தாள். நான் யார் யாரிடம் சொல்ல வேண்டும் என்று பட்டியல் போட்டுக்கொண்டு வந்தேன்.

வீட்டில் அம்மா கேசரி செய்து வைத்திருந்தாள். அப்பா கடையை அன்று சீக்கிரம் மூடிவிட்டு வந்திருந்தார். சித்தி செருப்பைக் கழற்றிவிட்டு நேராக அவர் முன்னால் போய் நின்றாள்.

"அத்தான், எனக்கு இந்த இடம் வேண்டாம்."

அப்பா டிவியை அணைத்தார். "ஏம்மா? பையன் ஏதாவது தப்பாப் பேசினாரா?"

"இல்ல அத்தான். அவர் மேல ஒண்ணும் குத்தமில்ல. எனக்கு வேண்டாம்."

"வாக்குக் குடுத்துட்டேனேம்மா," என்றார் அப்பா. அம்மா எவ்வளவோ கேட்டுப் பார்த்தாள், கத்தினாள். சித்தி தரையைப் பார்த்தபடி நின்றாளே தவிர, மாப்பிள்ளையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. கடைசியில் அம்மா என்னைப் பிடித்தாள். "நீ சொல்லுடி. அங்க என்ன நடந்துச்சு?"

யாராவது கேட்க மாட்டார்களா என்றுதானே நான் காத்திருந்தேன். "சித்தி ஜெயிச்சிட்டாம்மா. அவர் தோத்துட்டாரு. மூணுக்கு ஒண்ணு," என்றேன் கை தட்டிக்கொண்டு.

கன்னத்தில் பளார் என்று விழுந்தது. அம்மா அதுவரை என்னை அடித்ததே இல்லை. வலியைவிட, அடி ஏன் என்று புரியாததுதான் என்னை உலுக்கியது.

ஆட்டத்தில் ஜெயித்த திமிரில் மாப்பிள்ளையை வேண்டாமென்று சொல்லிவிட்டாள் என்று எங்கள் சொந்தத்தில் பல வருஷம் பேசினார்கள். அந்தக் காரணத்தைத் தயார் செய்து கொடுத்தவள் நான். காட்டூர்க்காரர்கள் போன் செய்து, பையன் மனசு ஒடிந்துபோய் இருப்பதாகச் சொன்னார்கள். மனசு ஒடிந்த பிள்ளைக்கு யார் மறுப்புச் சொல்வார்கள்? அடுத்த தையில் அவர் விரும்பிய பெண்ணையே கட்டி வைத்தார்கள். அப்பா சித்தியிடம் முகம் கொடுத்துப் பேச இரண்டு பொங்கல் ஆயிற்று.

பூல் ஹாலுக்குப் போய் வந்த மறுநாள் காலையில் சித்தி பையை அடுக்கிக்கொண்டு சென்னைக்குக் கிளம்பினாள். யாரும் வாசல்வரை வரவில்லை. நான் மட்டும் கேட்டைப் பிடித்துக்கொண்டு உம்மென்று நின்றேன். அவள் குனிந்து என் கன்னத்தைத் தொட வந்தாள். நான் கையைத் தட்டிவிட்டேன்.

"உன்னாலதான் எனக்கு அடி விழுந்துச்சு," என்றேன்.

"ஆமாண்டி, என்னாலதான்," என்றாள்.

அவள் ஒப்புக்கொண்டது எனக்குத் திருப்தியாக இருந்தது. மன்னிக்கலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டே, அவள் தெருமுனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன்.